பிரஷராம் பிரஷர்!

மூன்று நாளாக வீட்டில் யாரும் என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை. "மெதுவா பேசுங்க, அவனுக்குப் பிரஷர்" என்று கதவுக்குப் பின்னால் கிசுகிசுக்கிறார்கள். மருத்துவர் சீட்டில் 150/96 என்று எழுதிக்கொடுத்த பாவத்துக்கு இந்தத் தண்டனை.

அந்த எண் என்ன சொல்கிறது? ரத்தம் குழாயின் சுவரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று பாதரசத்தின் மில்லிமீட்டர் கணக்கில் சொல்கிறது. அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அது எனக்குக் கொடுத்த நடத்தைச் சான்றிதழ் ஆகிவிட்டது. "எப்பவும் சிடுசிடுன்னு இருந்தா ஏறாம என்ன செய்யும்?" என்கிறார் அம்மா. இதில் 'ரத்தக் கொதிப்பு' என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, ரத்தம் என்ன அடுப்பிலா இருக்கிறது?

சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே. "கார் டயருக்கே 32தான் அடிக்கிறோம், உனக்கு 150ஆ!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா, அது பிஎஸ்ஐ, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு; இது பாதரசக் கணக்கு. மாற்றிப் போட்டால் என்னுடையது மூன்று பிஎஸ்ஐகூட வராது. சொன்னால், "பார், எதிர்த்துப் பேசுறான், பிரஷர்தான்" என்கிறார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தக் குழப்பத்தில் ஆளே காலியாகலாம். என் நண்பன் ஒருவன் மாத்திரையை அவனாகவே நிறுத்திவிட்டான். ஏனடா என்றால், "வேலையை மாத்திட்டேன், இப்ப பிரஷரே இல்ல" என்கிறான். அடப்பாவி, நீ சொல்வது மனசில் இருக்கும் பாரம், மருத்துவர் சொன்னது குழாயில் இருக்கும் அழுத்தம்! அந்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலிகூடக் காட்டாமல் வருஷக்கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும். சாந்தசொரூபிக்கும் இருக்கும், சிடுமூஞ்சிக்கு இல்லாமலும் போகும். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்ததாக நினைத்தால் எப்படி?

அலுவலகத்திலோ இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். "அவங்களுக்குக் கொஞ்சம் பிரஷர் போடுங்க" என்பார் மேலாளர். போடுவதற்கு என்னிடம் என்ன பம்ப்பா இருக்கிறது? ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்து நச்சரி என்று நேராகச் சொன்னால் என்ன? சரி, எதுவும் பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தால், "ஆள் நல்ல அழுத்தம்" என்கிறார்கள். பேசினால் பிரஷர், பேசாவிட்டால் அழுத்தம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நேற்று வீட்டுக் கருவியில் பார்க்க உட்கார்ந்தேன். முறைப்படி ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் வைத்திருந்தேன். அளக்கும்போது பேசக்கூடாது, பேசினால் அளவு கூடும். இதை அழுத்தம் திருத்தமாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினேன். பட்டை உப்பிக் கையை இறுக்கியது. சரியாக அந்த நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "எவ்வளவுடா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். "என்னடா, சொல்ல மாட்டேங்கிற?" பல்லைக் கடித்தேன். "ரொம்ப அதிகமோ?"

"பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல!"

கருவி பீப் என்றது. 158.

"பாத்தியா, கோபப்பட்டா ஏறுது" என்றார், ரொம்ப மெதுவாக.