கார்ஃபீல்டு எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார்?

1880 நவம்பர் 2 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, ஜனநாயகக் கட்சியின் வின்ஃபீல்டு ஹான்காக்கை வென்றார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எத்தனை வாக்கு வித்தியாசத்தில் என்று கேட்டால்தான் நூலுக்கு நூல் விடை மாறுகிறது. 1,898 என்கிறது ஓர் அட்டவணை. 9,464 என்கிறது இன்னொன்று. 39,213 என்றுகூட அச்சாகியிருக்கிறது. இவற்றில் கைக்குக் கிடைத்த எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு, அரசு ஆவணத்திலேயே இருக்கிறது என்று அடித்துச் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மக்கள் அளித்த வாக்குகளை நாடு முழுமைக்கும் கூட்டி, கூட்டாட்சி அரசே சான்றளித்த ஆவணம் 1880ஆம் ஆண்டுத் தேர்தலுக்குக் கிடையாது.

அமெரிக்க அரசியல் சட்டம் கேட்பது தேர்வாளர்களின், அதாவது அதிபரைத் தேர்ந்தெடுப்பதற்காக மாநிலந்தோறும் மக்கள் வாக்களித்து அனுப்பும் பிரதிநிதிகளின், வாக்குகளை மட்டுமே. ஒவ்வொரு மாநிலத்தின் தேர்வாளர்களும் கூடி வாக்களித்து, கையொப்பமிட்ட சான்றிதழை செனட் தலைவருக்கு அனுப்புவார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் பிரித்து எண்ணும். அந்தச் சான்றிதழ்களே முதன்மை ஆவணம். மக்கள் வாக்குகளின் கணக்கு மாநிலத் தலைநகரங்களோடு நின்றுவிட்டது. பிரதிநிதிகள் சபையின் செயலர் அலுவலகம் தேர்தல் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியதே 1920ஆம் ஆண்டுத் தேர்தல் முதல்தான். அதற்கு முந்தைய எண்கள் எல்லாம் பஞ்சாங்கம் போல ஆண்டுதோறும் வந்த பத்திரிகைக் கையேடுகளும், 1955இல் வால்டர் டீன் பர்னம் போன்ற ஆய்வாளர்களும் மாநில, மாவட்ட ஏடுகளிலிருந்து திரட்டியவை.

அந்த ஏடுகளும் ஒரே எண்ணைத் தருவதில்லை. அன்று அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டு இல்லை. கட்சிகளே சீட்டை அச்சிட்டு வாக்காளர் கையில் கொடுத்தன. அதில் அக்கட்சியின் தேர்வாளர்கள் அத்தனை பேரின் பெயரும் வரிசையாக இருக்கும். பிடிக்காத பெயரை வாக்காளர் பென்சிலால் அடித்துவிடலாம், அதன் மேல் வேறு பெயரை ஒட்டியும் விடலாம். ஆகவே ஒரே கட்சியின் தேர்வாளர்களுக்குள்ளேயே ஆளுக்கொரு எண்ணிக்கை வரும்.

இதன் விளைவை கலிபோர்னியாவில் தெளிவாகக் காணலாம். அங்கே ஹான்காக் வென்றது 150க்கும் குறைவான வாக்குகளில். மாநிலத்துக்கு உரிய ஆறு தேர்வாளர்களில் ஐந்து பேர்தான் ஜனநாயகக் கட்சியினர்; ஆறாவது இடம் கார்ஃபீல்டு பக்கம் போய்விட்டது. தோற்ற அந்த ஜனநாயகக் கட்சிக்காரர் டேவிட் டெர்ரி. மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர். 1859இல் செனட்டர் டேவிட் பிராட்ரிக்கை இருவர் சண்டையில் சுட்டுக் கொன்றவரும் அவரே. இருபத்தொரு ஆண்டுகள் கழித்தும் அதை மறக்காதவர்கள் சீட்டில் அவர் பெயரை மட்டும் அடித்துவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் கலிபோர்னியாவில் ஹான்காக் பெற்ற வாக்குகள் எத்தனை? முதல் தேர்வாளரின் எண்ணையா, அதிகம் பெற்றவரின் எண்ணையா, ஆறு பேரின் சராசரியையா எதைக் கொள்வது? தொகுத்தவர்கள் ஆளுக்கொரு வழியில் போயிருக்கிறார்கள், எல்லா வழிக்கும் நியாயம் உண்டு. ஒரு மாநிலத்துக்குச் சில நூறு வாக்குகள் இப்படி நகர்ந்தாலும், 38 மாநிலங்களைக் கூட்டும்போது 1,898 என்ற வித்தியாசம் எம்மாத்திரம்?

வர்ஜீனியாவில் நடந்தது வேறு கதை. மாநிலக் கடனைத் தீர்ப்பது பற்றிய சண்டையில் அங்கே ஜனநாயகக் கட்சி பிளவுபட்டு, இரு அணிகளும் தனித்தனித் தேர்வாளர் பட்டியலை நிறுத்தின. இரண்டுமே ஹான்காக்குக்காக நின்றவை. சிறிய அணிக்குச் சுமார் 31,000 வாக்குகள் கிடைத்தன. 39,213 என்று காட்டும் அட்டவணையில் ஹான்காக்கின் மொத்தம் 44,14,082. 1,898 என்று காட்டுவதிலோ 44,44,260. முப்பதாயிரத்தைத் தொடும் இந்த இடைவெளிக்கு, அந்தச் சிறிய அணியின் வாக்குகளை ஒருவர் விட்டதும் மற்றவர் சேர்த்ததுமே பெரும்பாலும் காரணம் என்று கருதுகிறேன். அவ்வாக்குகளை ஹான்காக்கின் கணக்கில் சேர்ப்பதே சரி என்பது என் நிலைப்பாடு. 39,213 என்ற எண்ணை நான் எடுத்தாள மாட்டேன்.

முதன்மை ஆவணம் கையில் இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. தேர்வாளர்கள் டிசம்பர் முதல் புதன்கிழமை வாக்களிக்க வேண்டும் என்பது அன்றைய கூட்டாட்சிச் சட்டம். ஜார்ஜியாவின் 11 தேர்வாளர்கள் அடுத்த புதன்கிழமைதான் வாக்களித்தார்கள். சான்றிதழில் கையொப்பம் முதல் எல்லாம் முறைப்படி இருந்தும் தேதி தவறு. 1881 பிப்ரவரியில் எண்ணிக்கைக்காகக் கூடிய காங்கிரஸ் இதில் மல்லுக்கட்டவில்லை. ஜார்ஜியாவைச் சேர்த்தால் 214க்கு 155, சேர்க்காவிட்டால் 214க்கு 144, எப்படியும் கார்ஃபீல்டுக்கே வெற்றி என்று இரண்டு கணக்கையும் காரணத்தோடு பதிவு செய்தது. மக்கள் வாக்கு வித்தியாசத்தை எழுதுபவர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: எண்ணைப் போடும்போது, எந்தத் தேர்வாளரின் வாக்கைக் கொண்டு கூட்டினீர்கள், வர்ஜீனியாவின் இரண்டாம் அணியைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.