வேலை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அட்வைஸ் பண்ணுங்கள்

நேற்று குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்குறைப்பில் வேலை போன அண்ணன் ஒருவர், சிங்கப்பூரில் வருடக்கணக்கில் ஜாவாவில் புரோகிராம் எழுதியவர், "அடுத்து எந்த மொழி படிக்கலாம்?" என்று கேட்டார். "ஜாவா செத்துப்போச்சு அங்கிள், ரஸ்ட் படிங்க, அதுல வேலை கொட்டிக் கிடக்கு" என்று ஒரு பதில். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

வேலை விளம்பரத்தைப் பார்த்தீர்களா? எம்ப்ளாய்மென்ட் பாஸில் வெளிநாட்டு ஆள் எடுக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் மைகெரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் போட்டாக வேண்டும். எல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. வங்கிகள் கேட்பதைப் படித்துப் பாருங்கள், செத்துப்போன ஜாவா அங்கே என்ன செய்கிறது என்று தெரியும்.

ரஸ்ட் மட்டம் என்று சொல்லவில்லை. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே போய்விட்டது, மரியாதைதான். ஆனால் அண்ணன் கெர்னல் எழுதப் போவதில்லையே! பழைய ஜாவா 8 பதிப்பிலேயே நின்றிருந்தால் 21-க்கு வரட்டும். புது மொழிதான் வேண்டுமென்றால் கோட்லின் இருக்கிறது, பழைய ஜாவா கோடு பக்கத்திலேயே வைத்து எழுதலாம். கிளவுட் பக்கம் போக ஆசையா, கோ படிக்கட்டும். டாக்கர், குபர்னெட்டிஸ் போன்ற கிளவுட் கருவிகள் எல்லாம் அதில் எழுதியவைதான்.

நாற்பதைத் தாண்டி நானும் நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறேன். நள்ளிரவில் ஓடும் பேட்ச் ஜாப் நின்றுபோன எரர் லாக்கை அச்செடுத்து மேசையில் போட்டு, "எங்கே உடைந்தது?" என்றார் நேர்காணல் எடுத்த அம்மா. மேலே கத்திக்கொண்டிருந்த பிழையை விட்டுவிட்டுக் மூல காரணத்தைச் சொல்லும் கடைசி 'காஸ்டு பை' வரியில் விரலை வைத்தேன். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல், அதாவது டேட்டாபேஸோடு பேசத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகள், தீர்ந்திருந்தது. எத்தனை மொழி தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை.

"அப்போ புதுசா எதுவும் படிக்க வேண்டாமா?" என்று வருவீர்கள். தாராளமாகப் படிக்கலாம். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி கொடுத்தார்களே, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டும். அதை உங்கள் ஃபேஷனுக்காகக் கரைக்கச் சொல்லாதீர்கள். "ஏஐ எல்லாவற்றையும் எழுதிவிடும்" என்பவர்களே, பிறகு ரஸ்ட் மட்டும் எதற்கு?

அண்ணனுக்கு வீட்டுக் கடன் ஓடுகிறது, பையனுக்கு இந்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பி.எஸ்.எல்.இ. அத்தனை பேர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்கவே அந்த மனுஷன் எவ்வளவு யோசித்திருப்பார்! இரவுக்குள் பதிவை நீக்கிவிட்டார். சிரித்தவர்களில் இரண்டு பேர் போன வாரம்தான் மனநலம் பற்றி நீளமாக எழுதினார்கள். நானும் லைக் போட்டேன்.

ரஸ்ட்டில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்றவர்கள், அண்ணன் விண்ணப்பிக்கக்கூடிய ஒரு விளம்பரத்தின் லிங்கைக் கீழே போடுங்கள். "கூகுள் பண்ணுங்க" என்றால் பிளாக்.