ஓடாத புரோகிராமைக் காட்டுங்கள்

ஆறு வருடமாக ஒரு சின்னக் குழுவை நடத்திக்கொண்டிருக்கிறேன். பொழுதுபோக்காகக் கோட், அதாவது கணினி புரோகிராம், எழுதுகிறவர்களின் குழு. 60 பேருக்கு மேல் இருக்கிறோம். கணக்குப் பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். சம்பளத்துக்குக் கோட் எழுதுகிறவர்களும் உண்டு, ஆனால் இங்கே வரும்போது அலுவலகத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

போன வாரம் ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார்: "உங்க குழு மட்டும் எப்படி இன்னும் ஓடுது?" அவருடைய குழுவில் 400 பேராம். ஆறு மாதமாக ஈ காக்கை இல்லையாம். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. எல்லோருக்குமாக இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குழுவும் ஒருமுறை செத்துப்போனது. கொன்றது நான்தான்.

இரண்டாவது வருடம் அது. பேச்சு கொஞ்சம் குறைந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. திங்கட்கிழமை பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி பற்றி ஒரு குறிப்பு, புதன்கிழமை புதிர், வெள்ளிக்கிழமை படிக்க ஒரு கட்டுரை என்று அட்டவணை போட்டு, ராத்திரி கண் விழித்துத் தயார் செய்து போட்டேன். முதல் மாதம் கட்டைவிரல்கள் வந்தன. இரண்டாவது மாதம் அதுவும் குறைந்தது. ஒருநாள் மேலே தள்ளிப் பார்த்தால் கடைசி 40 மெசேஜில் 34 என்னுடையது. குழு நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்பதற்கு ஆள் இருந்தது, பேசுவதற்குத்தான் இல்லை.

வெறுத்துப்போய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்று வாரம் மயான அமைதி. அப்புறம்தான் நம்ம கணக்குப் பார்ப்பவர் ஒரு சின்ன வீடியோ போட்டார். பழைய மொபைல்களில் வருமே, அந்தப் பாம்பு விளையாட்டு. அவரே எழுதியது. பாம்பு நன்றாகத்தான் ஊர்கிறது. இரையைத் தின்றதும் அந்த இடத்திலேயே செத்துப்போகிறது. கீழே இப்படி எழுதியிருந்தார்: "இன்னும் முடியலைங்க. சாப்பிட்டா செத்துப்போகுது. ரெண்டு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். பாத்து எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அதான் போட்டேன்."

ஒரு மணி நேரத்தில் 14 பதில். எனக்குப் பெயர்கூட மறந்துபோனவர்களெல்லாம் எழுந்து வந்தார்கள். "கோட் போடுங்க ப்ரோ" என்றார் ஒருவர். போட்டார். பாம்பின் உடல் ஒரு பட்டியல். ஒவ்வொரு அடியிலும் முன்பக்கம் புதுத் தலை ஒன்றைச் சேர்த்து, கடைசிக் கட்டத்தை வெட்டிவிட வேண்டும், பாம்பு நகர்வது போலத் தெரியும். இவர் என்ன செய்திருந்தார் என்றால், இரை தின்றதும் உடலை நீளமாக்குவதற்காகத் தலை இருக்கும் கட்டத்தையே இன்னொரு முறை பட்டியலில் சேர்த்திருந்தார். அடுத்த வரியில் "தலை உடம்பில் மோதிவிட்டதா?" என்று சோதனை. தலையும் உடம்பும் ஒரே கட்டத்தில். ஆட்டம் முடிந்தது.

அதுவரை குழுவில் வாயே திறக்காத ஒரு கல்லூரி மாணவி எழுதினாள்: "அண்ணா, தின்னா எதையும் புதுசா சேர்க்க வேண்டாம். அந்த ஒரு அடிக்கு மட்டும் வாலை வெட்டாம விடுங்க. தானா நீளமாயிடும்."

படித்துவிட்டு எத்தனை பேர் "அட!" என்று போட்டார்கள் தெரியுமா? அந்த வாரம் முழுக்கக் குழுவில் பாம்புதான். ஒருவருடையது சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. இன்னொருவருடையது தின்னத் தின்னச் சின்னதாகிக்கொண்டே போய்க் காணாமல் போனது.

எட்டு மாதம் நான் அட்டவணை போட்டுச் செய்ய முடியாததை ஓடாத ஒரு புரோகிராம் செய்துவிட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முடிந்த வேலையைக் காட்டினால் "சூப்பர்" என்று சொல்லலாம், வேறு என்ன சொல்ல முடியும்? அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு, நம்மால் இப்படிச் செய்ய முடியவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சுணக்கம் வேறு. அரைகுறையாகக் காட்டினால்தான் மற்றவர் கை வைக்க இடம் இருக்கிறது.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1975 மார்ச் 5 அன்று, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவருடைய கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் முதல்முறை கூடியது. ஆல்டேர் 8800 என்று ஒரு கணினி, வீட்டிலேயே பாகங்களைக் கோத்துச் செய்துகொள்வது, அப்போதுதான் வந்திருந்தது. அதில் ஆர்வம் கொண்டவர்கள்தான் கூடினார்கள். பிறகு கூட்டங்களை நடத்தியவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். முதல் பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தான் எதைச் செய்துகொண்டிருக்கிறேன், எது வேண்டும் என்று சொல்வார்கள். அதற்கு 'மேப்பிங்' என்று பெயர். அடுத்த பகுதி 'ரேண்டம் ஆக்சஸ்': யார் சொன்னது யாருக்கு ஒத்துப்போகிறதோ அவரைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்ள வேண்டியதுதான். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பின்னால் ஆப்பிள் 1 ஆன கணினியின் சர்க்யூட் வரைபடங்களை அங்கேதான் சும்மா எடுத்துக் கொடுத்தார். 1986 வரை அந்தக் கிளப் நடந்திருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று எழுதிய அறிவிப்பும் இதே ஜாதிதான். ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன், வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்கிற தொனியில் சொல்லிவிட்டு, ஏற்கெனவே இருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கேட்டிருந்தார். முழுதாக முடித்துவிட்டுத்தான் வெளியே சொல்வேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால் லினக்ஸுக்கு ஆள் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். இப்போது வாரத்துக்கு ஒரே ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கேள்வி போடுவேன்: "இந்த வாரம் எது ஓடலை?" முன்பு "இந்த வாரம் என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்டேன். அதற்கு, ஒன்றும் செய்யாதவர்கள் ஒளிந்துகொண்டார்கள். நேரம் கிடைக்காதவர்களும், பாதியில் விட்டவர்களும்தான் எந்தக் குழுவிலும் அதிகம். ஓடாததைக் கேட்டால் அவர்களிடமும் சொல்ல ஏதோ இருக்கிறது. "லேப்டாப்பைத் திறக்கவே இல்லை, நான்தான் ஓடலை" என்று ஒருவர் போன மாதம் எழுதினார். அதற்கும் ஏழு பேர் பதில் போட்டார்கள்.

எப்போதாவது ஒரு சின்னப் போட்டி. அளவு கட்டிவிட்டால் பொழுதுபோக்குக்காரர்களுக்குத் தெம்பு வரும். 2002இல் தொடங்கிய லுடம் டேர் என்ற போட்டி 48 மணி நேரத்தில் ஒரு கணினி விளையாட்டு செய்யச் சொல்வது. ஜேஎஸ்13கே போட்டியில் மொத்த விளையாட்டும், ஜிப் செய்த பிறகு, 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பிகோ-8 என்னும் கற்பனைக் கணினியில் திரை 128க்கு 128 புள்ளி, 16 நிறம், அவ்வளவுதான். எங்களுடையது 50 வரி. ஓட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது முதல் பதில். புதிதாக வந்தவர் தயங்கித் தயங்கி ஒன்று போடுகிறார். அது கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டால் இரண்டாவது கல் வராது. அதற்காக அட்மினே ஓடி ஓடிப் பதில் சொன்னாலும் கெட்டது. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பதில் தெரிந்தாலும் சில மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். யாரும் வரவில்லை என்றால் ஒரு கேள்வி கேட்பேன், "எரர் என்ன சொல்லுது?" என்பது மாதிரி. அட்மின் வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமானது இந்தச் சும்மா இருப்பதுதான்.

ஒருமுறை சும்மா இருக்கக் கூடாத இடத்தில் சும்மா இருந்துவிட்டேன். அப்போது குழுவில் இருந்த இன்னொரு ஆசிரியை, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறதே, கணினிக்குக் கூட்டல்கூடத் தெரியாதா என்று கேட்டிருந்தார். அருமையான கேள்வி. நாம் பத்தின் அடுக்கில் எழுதுகிற 0.1, இரண்டின் அடுக்கில் முடிவில்லாமல் போகும், எங்கேயோ வெட்டித்தான் சேமிக்க முடியும் என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அதற்குள் பழைய உறுப்பினர் ஒருவர், "இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் பைத்தான் எழுதுறீங்க?" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு போட்டார். வேடிக்கையாகத்தானே சொன்னார் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஆசிரியை சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார். நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்று புரோகிராமர்கள் கூடிக் கற்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவருக்குத் தெரியாததைப் பார்த்து ஆச்சரியப்படுவதுபோல் நடிக்கக் கூடாது என்பதை அங்கே ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவிலும் இப்போது இருக்கும் ஒரே விதி அதுதான். கொஞ்சம் முன்னாலேயே வைத்திருக்கலாம்.

"இப்பதான் ஏஐ இருக்கே, குழு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எங்கள் குழுவில் நேரடிக் கேள்விகள் குறைந்தது உண்மை. புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலேயே கேள்விகள் மளமளவென்று சரிந்துவிட்டன. விடைக்காக மட்டும் கூடிய கூட்டம் கலையத்தான் செய்யும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தப் பாம்பைப் போட்டால் ஏஐ மூன்று நொடியில் சரிசெய்து கொடுத்துவிடும். ஆனால் பாம்பு சாப்பிட்டதும் சாவதைப் பார்த்து அதற்குச் சிரிப்பு வராது, தன்னுடைய பாம்பைக் கொண்டுவந்து காட்டவும் செய்யாது.

கடைசியாக, நண்பருக்கு ஒன்று. 400 பேரில் பேசாதவர்களை நீக்கிச் சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். இணையக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இலேயே எழுதிவிட்டார். அச்சுப் பிசகாமல் அப்படியே இருக்கும் என்பதில்லை, ஆனால் எங்கும் பேசாதவர்களே அதிகம்.

எங்களிடமும் ஒருவர் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை கேள்விக்குக் கீழே அவருடைய முதல் மெசேஜ். வட்டமான ஒரு கடிகாரம், வீடியோ. நொடி முள் பின்பக்கமாகச் சுற்றுகிறது. "ஏன்னு தெரியலை" என்று மட்டும் எழுதியிருந்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உயரத்தைக் குறிக்கும் y கூடினால் பாடப்புத்தகத்தில் புள்ளி மேலே போகும், திரையில் கீழே போகும். அதைச் சரிக்கட்டுகிறேன் என்று கோணத்திலிருந்து y-ஐக் கணக்கிடும் சைனுக்கு (sin) முன்னால் ஒரு மைனஸ் போட்டிருப்பார். ஆனால் நொடி கூடக் கூடக் கோணமும் கூடுகிற அவர் கணக்குக்கு, அந்த மைனஸ் இல்லாமல்தான் முள் சரியாகச் சுற்றும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ராத்திரி பதினோரு மணிக்குக் கணக்குப் பார்ப்பவர் வந்தார்.

"சைனுக்கு முன்னாடி இருக்கிற மைனஸை எடுத்துப் பாருங்க ப்ரோ. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஃபைலைத் தனியா ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க. பின்னாடி ஓடுற கடிகாரம் நல்லா இருக்கு."