ஒரு பென்னி செலவு

(மகள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பா பாளையங்கோட்டையில் 32 வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தொலைபேசி உரையாடல்.)

அப்பா: என்னம்மா, இங்கிலீஷ் தடங்கல் இல்லாமல் போகிறதா? நான் சொல்லித் தந்த இங்கிலீஷ் ஆயிற்றே!

மகள்: நேற்று இங்கே நல்ல மழை அப்பா.

அப்பா: ஆகா! 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று சொன்னாயா?

மகள்: சொன்னேன். வார்டே சிரித்தது. இவர்கள் 'இட்ஸ் சக்கிங் இட் டவுன்' என்கிறார்கள்.

அப்பா: சக்கிங் என்றால் எறிவது. எறிவது யார்?

மகள்: 'இட்'.

அப்பா: எறியப்படுவது?

மகள்: அதுவும் 'இட்'தான்.

அப்பா: எழுவாயும் அதுவே, செயப்படுபொருளும் அதுவே! மழையா, வேதாந்தமா?

மகள்: பஸ் ஓட்டுநர் என்னை 'மி டக்' என்று கூப்பிட்டார்.

அப்பா: வாத்தா! யார் வீட்டுப் பெண்ணை யார் வாத்து என்பது? அதிலும் 'மி' தவறு, 'மை' என்றல்லவா வர வேண்டும்?

மகள்: நாட்டிங்ஹாம், டெர்பி, ஸ்டோக் எங்கும் இப்படித்தான் அப்பா. நாம் 'அம்மா', 'தம்பி' என்பதில்லையா? எனக்குப் பின்னால் ஏறிய தாடிக்காரரையும் 'டக்' என்றுதான் சொன்னார்.

அப்பா: ஆண் வாத்துக்கு 'டிரேக்' என்று பெயர். இரண்டாவது பிழை.

மகள்: ஷிஃப்ட் மாறும்போது, 'நாலாம் படுக்கைக்காரர் இன்று கொஞ்சம் மார்டி' என்றாள் ஒருத்தி. மருத்துவ அகராதியில் அரை மணி நேரம் தேடினேன்.

அப்பா: ஏதாவது விஷக் காய்ச்சலா?

மகள்: சிடுசிடுப்பு. டீ ஆறிப் போயிருந்ததாம்.

அப்பா: அந்த நோய் எனக்கு இருப்பதாக உன் அம்மா தினமும் சொல்கிறாள்.

மகள்: அவளே என்னை வீட்டுக்கு 'ஹாஃப் ஃபைவ்' டீக்குக் கூப்பிட்டாள்.

அப்பா: ஐந்தில் பாதி இரண்டரை.

மகள்: நானும் இரண்டரைக்குத்தான் போய்க் கதவைத் தட்டினேன். அது ஐந்தரையாம். டீ என்றால் இந்தப் பக்கத்தில் மாலைச் சாப்பாடாம். தட்டு நிறைய உருளைக்கிழங்கு வந்தது, டீ மட்டும் வரவில்லை. அதைக்கூட விடுங்கள். வார்டில் ஒரு தாத்தா, 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்றார். பாவம், ஏதோ வாங்கித் தின்ன ஆசை போலும் என்று என் பர்ஸிலிருந்து ஒரு நாணயம் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அப்பா: புண்ணியம்தானே!

மகள்: அவர் நாணயத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'சீக்கிரம், மி டக்' என்றார்.

அப்பா: கடை மூடும் நேரமா?

மகள்: கழிப்பறைக்குப் போகும் நேரம்! முன்பெல்லாம் இங்கே பொதுக் கழிப்பறையில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்குமாம். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்ற பழைய கணக்கு 1971-இல் 100 பென்னி என்று மாறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை. எனக்கு இது விளங்குவதற்குள் படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியதாயிற்று.

அப்பா: (சற்று நேரம் பேச்சில்லை) 32 வருடம் பையன்கள் ஒற்றை விரலைக் காட்டி 'சார், ஒன்றுக்கு' என்று கேட்டார்கள். எது ஒன்று என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தத் தாத்தாவும் 'ஒன்று' என்றுதானே சொல்லியிருக்கிறார்! இது நன்னூலிலேயே இருக்கிறது தாயே. சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது, இடக்கரடக்கல்!

மகள்: நான் விமானம் ஏறும் முன்பே இதைச் சொல்லியிருக்கலாமே?

அப்பா: அது தமிழ் ஐயாவின் பாடம், நான் இங்கிலீஷ் வாத்தியார். சரி, போனை வை. கால் கழுவிவிட்டு வருகிறேன்.

மகள்: காலில் என்ன அப்பா, சேறா?

அப்பா: சீக்கிரம் வை, மி டக்!