அம்மம்மாவுக்கே தெரியுமாம்

அந்த வீடியோவைக் கனடா மச்சானில் தொடங்கிப் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும். யாழ்ப்பாணக் கம்பஸில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பிள்ளை, எங்கள் செடிகளில் நோய்க்கிருமிக்கு மருந்து தேடுவதைப் பற்றி மேடையில் கதைக்க, ஒரு ஐயா நக்கலடித்த வீடியோ அது. "வேப்பிலை பூச்சியைக் கொல்லும் எண்டு என்ர அம்மம்மாவுக்கே தெரியும், இதுக்கேன் பிள்ளை கம்பஸ் காசில ஆராய்ச்சி?" என்று அந்த ஐயா கேட்டதைக்கூட விட்டுவிடலாம். அதற்கு மண்டபமே கைதட்டியது பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

முதல் விஷயம், அந்தப் பிள்ளை வயிற்றுப் பூச்சியைப் பற்றிக் கதைக்கவே இல்லை. லீஷ்மேனியாவைப் பற்றிக் கதைத்தது. மணல் ஈ கடித்து வருவது. தோலில் சிறு கட்டியாகத் தொடங்கி மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக நிற்கும். வன்னிக் காட்டோரம் இருப்பவர்களைக் கேளுங்கள். அதற்கு இன்றைக்கும் புண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள், அதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லை. வேறு மருந்து கிடைக்காதா என்று ஒரு பிள்ளை எங்கள் வேலியோரச் செடிகளில் தேடினால் அதுவா பகிடி?

சரி, அம்மம்மாவுக்குத் தெரியும். எவ்வளவு தெரியும்? இலையிலா, பட்டையிலா, விதையிலா இருக்கிறது? அதற்குள் இருக்கும் எந்தப் பொருள் கிருமியைக் கொல்கிறது? எவ்வளவு கொடுத்தால் கிருமி சாகும், எவ்வளவு கொடுத்தால் ஆளே சாகும்? அந்தப் பிள்ளை தேடுவது இதைத்தான். செடியைக் காயவைத்து, வெவ்வேறு கரைப்பான்களில் ஊறவைத்து, வந்த சாற்றைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் கிருமியின் மேல் விட்டுப் பார்க்கிறது. அதே பகுதியை மனிதக் கலங்களின் மேலும் விட்டுப் பார்க்கிறது. இரண்டையும் கொன்றால் அது மருந்தில்லை, நஞ்சு. பெரும்பாலான செடிகள் இந்த இடத்திலேயே விழுந்துவிடும். விழுந்தது எது என்று தெரிவதும் ஒரு அறிவுதான், ஆனால் அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

2015இல் நோபல் பரிசு வாங்கிய சீன விஞ்ஞானி தூ யூயூவைப் பற்றிக் கொஞ்சம் தேடி வாசியுங்கள். 1967இல் சீனா மலேரியாவுக்கு மருந்து தேடும் இரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவருடைய குழு பழைய ஏடுகளில் இருந்து 2,000க்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டி, ஏறத்தாழ 200 மூலிகைகளில் இருந்து 380 சாறுகள் எடுத்துப் பார்த்தது. மாசிப்பத்திரியின் இனத்துச் செடி ஒன்று ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கடைசியில் 4ஆம் நூற்றாண்டின் கே ஹொங் எழுதிய குறிப்பில் விடை கிடைத்தது. செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றுதான் அதில் இருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுத்திருக்கிறது. குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் ஈதர் என்ற கரைப்பானில் எடுத்துப் பார்த்தார், பலித்தது. அதுதான் ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து. இத்தனை நூற்றாண்டு அந்தச் செடி சீனத்து அம்மம்மாமாருக்கும் தெரியும்தானே, ஐயா?

எங்களிடமும் பரராசசேகரம் என்ற பழைய மருத்துவ நூல் இருக்கிறது. மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்வோம். அதில் உள்ள ஒரு மருந்தை எடுத்து ஒருத்தி சோதித்துப் பார்த்தால் மட்டும் எங்களுக்குக் கோபம் வந்துவிடும்.

95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் வன்னியில் இருந்தோம். மலேரியா வராத வீடு இல்லை, குளிசைக்குத் தட்டுப்பாடு. பக்கத்தில் ஒரு பரியாரியார் இருந்தார். தங்கமான மனுசன், காசு வாங்க மாட்டார். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சித் தந்தார். குடித்தேன். காய்ச்சல் இறங்கினமாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பல்லு அடிபட நடுக்கம் திரும்ப வரும். அவரே அம்மாவிடம் வந்து, "பிள்ளை, எப்பிடியாவது குளோரோகுயின் குளிசை எடுத்துக் குடு" என்றார். நிலவேம்பில் உள்ள அன்ட்ரோகிராஃபோலைட் ஆய்வுகூடத்தில் மலேரியாக் கிருமியைத் தடுக்கிறது என்று பல வருடம் கழித்து வாசித்தேன். அப்ப பரியாரியார் பொய் சொல்லவில்லை. ஆனால் என் கோப்பைக்குள் அது எவ்வளவு இருந்தது, அது காணுமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும் என்கிறேன்.

இனி வருவீர்கள். "நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவு இல்லை" என்று. ஆடுதின்னாப்பாளை தெரியுமா? பூச்சிக்குக் கொடுக்கும் செடி, எங்கள் பக்கத்திலும் முளைக்கும். அதன் இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 90களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கு மூலிகை என்று வாங்கி விழுங்கிய பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. அந்த மூலிகையில் கலந்திருந்தது இந்த அமிலம்தான். ஐயாவின் வேம்புக்கே வாருங்கள். வேப்பெண்ணெய் பருக்கிய கைக்குழந்தைகள் வலிப்பு வந்து இறந்த பதிவுகள் இருக்கின்றன. இதையெல்லாம் எந்த அம்மம்மா கண்டுபிடித்தார்?

"கண்டுபிடித்தால் வெள்ளைக்காரன் களவெடுப்பான்." எடுப்பான்தான். மஞ்சளுக்கே 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார்கள். இந்தியா எழுத்தில் இருந்த சான்றுகளைக் காட்டித்தான் 1997இல் அது ரத்தானது. நாங்கள் அம்மம்மாவின் வாயைக் காட்டவா போகிறோம்?

"இலங்கையில்தான் மலேரியாவே இல்லையே." 2012ஓடு உள்ளூர்ப் பரவல் நின்றது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது, உண்மை. அதே 2016 கடைசியில் மன்னாரில் ஸ்டெஃபென்சி என்ற புதிய மலேரியா நுளம்பு பிடிபட்டதும் உண்மை. பிறகு யாழ்ப்பாணத்திலும் பிடிபட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். கிணறில்லாத வளவு எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

ஒரு டொக்டர் நண்பர் இன்னொரு பக்கத்தால் வந்தார். "சோதனைக் குழாய்க்குள்ள கிருமியைக் கொல்ல குளோரினே போதும்" என்று நக்கல். சரியான கதைதான். அதையே அந்தப் பிள்ளையும் தன் பேச்சில் சொன்னது, ஆய்வுகூடத்தில் பலித்தால் மருந்து என்று அர்த்தமில்லை என்று. அந்தத் துண்டை மட்டும் வீடியோவில் வெட்டிவிட்டார்கள்.

நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மருத்துவபீடத்தை விட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் செத்தவீடு. அந்தப் பிள்ளை டொக்டராக மேடையில் நின்றிருந்தால் இதே ஐயா எழுந்து நின்று கும்பிட்டிருப்பார். இதே ஆய்வை லண்டனில் செய்திருந்தால் "ஈழத்தமிழிச்சியின் சாதனை" என்று நீங்களே பகிர்ந்திருப்பீர்கள். திண்ணைவேலிக் கம்பஸில் நின்று செய்தால் மட்டும் காசைக் கணக்குப் பார்க்கிறீர்கள். கோயிலுக்கு வாணவேடிக்கை விட்ட காசுக்கு யாராவது கணக்குக் கேட்டீர்களா? சரி, அதை எழுதினால் வேறு சண்டை வரும்.

அந்தப் பிள்ளை எனக்குச் சொந்தமில்லை, என்னிடம் படித்ததுமில்லை. அதையும் கீழே கேட்பீர்கள் என்றுதான் முதலே சொல்கிறேன். வசை எழுத வருபவர்கள் எழுதுங்கள், அழிக்க மாட்டேன். ஆடுதின்னாப்பாளைக் கசாயம் குடித்துவிட்டு வருபவர்கள் மட்டும் பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை ஒருக்கால் பார்த்துவிட்டு வந்து சண்டை பிடியுங்கள்.