மேடு இல்லாத அரச அடக்கங்கள்
அரச அடக்கங்களைப் பற்றிய கட்டுரையில், பெரிய ஈமமேடு (கல்லறையின்மேல் குவிக்கும் மண்மேடு) எழுப்பாத சமூகங்களில் அரசதிகாரம் வேரூன்றவில்லை என்று கட்டுரையாளர் எழுதுவதை ஏற்க முடியவில்லை. எங்கள் தென்னாப்பிரிக்காவில், மாபுங்குப்வே என்னும் பழைய அரசின் தலைநகரில், 13ஆம் நூற்றாண்டில், அரச குடும்பத்தினர் பாறைக்குன்றின் உச்சியில் வாழ்ந்து அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார்கள். குடிமக்கள் அடிவாரத்தில் வாழ்ந்ததால், உயர்வைக் காட்ட அந்தக் குன்றே போதுமானதாக இருந்தது. அங்குக் கிடைத்த பொன் காண்டாமிருகத்தைப் பிரிட்டோரியாவில் பார்த்திருக்கிறேன்: உள்ளங்கையில் ஏந்தக்கூடிய அந்தச் சிற்றுருவின் மரம் மக்கிப் போயிருந்தாலும், அதன்மேல் போர்த்திய மெல்லிய பொன்தகடும் அதை இறுக்கிய நுண்ணிய பொன்னாணிகளும், தேர்ந்த பொற்கொல்லர்களை ஆதரிக்க வல்ல ஓர் அரசு அங்கிருந்ததைத் தெளிவாகச் சொல்கின்றன. கல்லறைகளில் கிடைத்த கண்ணாடி மணிகளோ இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியே வந்தவை. கல்லறைகளில் தோண்டியெடுத்த எலும்புகள் ஆய்வகத்திலேயே இருக்கட்டும் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பருக்கு ஒன்று: மாபுங்குப்வே மனித எச்சங்கள் 2007இல் மீண்டும் அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டன, அதுவே முறை என்பது என் உறுதியான எண்ணம்.