ரத்தம் கொடுத்தால் மூட்டை தூக்க முடியாதா?

"ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் ஆறு மாதத்துக்குப் பளு தூக்க முடியாது, கடலுக்கும் போக முடியாது" என்று சென்னை காசிமேடு, ராயபுரம் பக்கம் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. தவறு.

பெரியவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது 350 மில்லி. எடை 55 கிலோவைத் தாண்டியவர்களிடம் 450 வரை எடுக்கலாம். ரத்தத்தில் இப்படிக் குறைந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரத்தான் சில வாரங்கள் ஆகும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருப்பது அதற்காகத்தான்.

சரி, பதிவில் துளி உண்மையும் உண்டு. அன்றைக்கு மட்டும் மூட்டையும் வேண்டாம், வலை இழுக்கவும் வேண்டாம், தலை சுற்றலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 12.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்த வங்கிக்காரர்களே எடுக்காமல் அனுப்பிவிடுவார்கள். இன்னும் சந்தேகமா? ஸ்டான்லி மருத்துவமனை ரத்த வங்கியில் நேரிலேயே கேளுங்கள்.